உள்ளேயிருந்து வரும் பை

1

போன மாசி மாதம் எங்கள் கடைக் கண்ணாடியில் ஓர் அட்டையை மாட்டினார்கள். ‘மதகடிப்பட்டு புகழ் டீ மாஸ்டர் காதர் பாரீஸ் வந்துவிட்டார்’ என்று தமிழில் கொட்டை எழுத்து, அதற்குக் கீழே அதையே பிரெஞ்சில். எழுதியவர் என் மூத்தார், அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன். ஸ்டூல் மேல் ஏறி மாட்டியவர் என் வீட்டுக்காரர். கீழே ஸ்டூலைப் பிடித்துக்கொண்டிருந்தவர் காதரேதான். புதுக் கோட்டு போட்டுக்கொண்டு, குளிரில் மூக்கைத் துடைத்தபடி, தன் பெயரைத் தானே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் எதிர் நடைபாதையில் காய்கறிப் பையோடு நின்று இதைப் பார்த்தேன். வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பையைத் தூக்கிக் கண்ணாடி மேலேயே எறிந்திருப்பேன். உள்ளே தக்காளி இருந்தது. இந்த ஊரில் மாசி மாதத்துத் தக்காளி விற்கிற விலைக்கு அதை யாரும் எறிய மாட்டார்கள், அதனால் நானும் எறியவில்லை.

ஊரில் இதைப் படிக்கிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காதருக்கு டீ போடத் தெரியாது. அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. உங்களில் பலர் மதகடிப்பட்டில் அவர் கடையில் குடித்திருப்பீர்கள். விழுப்புரம் ரோட்டில் பஸ் மாறும்போதோ, செவ்வாய்க்கிழமை மாட்டுச் சந்தைக்கு வந்தபோதோ ஒரு கிளாஸ் வாங்கி உறிஞ்சிவிட்டு, “காதர் டீன்னா காதர் டீதான்பா” என்று பக்கத்து ஆளிடம் சொல்லியிருப்பீர்கள். ஆகையால் இது பாரீஸில் இருக்கிற இரண்டு அண்ணன் தம்பிகள் மேல் மட்டும் வந்த கோபம் என்று நினைத்துக்கொண்டு நிம்மதியாகப் படிக்க வேண்டாம். உங்கள் மேலும்தான்.

2

புதுச்சேரியை அடுத்த மதகடிப்பட்டில் எங்கள் அப்பா மளிகைக் கடை வைத்திருந்தார். எங்கள் கொல்லைக்கும் பாய் வீட்டுக் கொல்லைக்கும் நடுவில் ஒரு முள்வேலி, அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. பாய் என்று ஊர் கூப்பிட்டது என் சிநேகிதி ஜமீலாவின் அத்தாவை, அதாவது அவள் அப்பாவை. முன்பக்கம் டீக்கடை, பின்பக்கம் குடித்தனம், நடுவில் ஒரு பச்சைப் படுதா. ஜமீலாவும் நானும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்டவர்கள். அவளுக்கு அம்மா இல்லை. அக்காவையும் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. அதனால் உள்ளே இருந்த வேலை முழுவதும் அவள் தலையில்.

அந்தக் கடையில் வேலை நடந்த விதத்தைச் சொன்னால்தான் என் கோபம் உங்களுக்கு விளங்கும். டீத்தூளைப் போட்டு வடிக்கிற துணிப்பை தெரியுமல்லவா? மற்ற கடைகளில் பாய்லர் பக்கத்திலேயே தகர டின் இருக்கும், மாஸ்டரே தூளை அள்ளிப் பையில் போட்டுக்கொள்வார். பாய்க்குக் கண் பார்வை சரியில்லை, தூளை அங்கும் இங்கும் கொட்டிவிடுவார். அதனால் பையைக் கட்டி அனுப்புகிற வேலையை ஜமீலா எடுத்துக்கொண்டாள். படுதாவுக்குக் கீழே கை நீளும், கட்டின பை போகும். பாய் அதன் மேல் வெந்நீரை ஊற்றுவார், பாலும் சர்க்கரையும் கலப்பார், ஆற்றிக் கொடுப்பார். தீர்ந்த பை உள்ளே வரும், புதுப் பை வெளியே போகும். வருஷக்கணக்காக இப்படித்தான் நடந்தது.

ஒரு தீபாவளிக்கு முன்னால் மிட்டாய்க்கடைக்காரர் ஒருவருக்காக எங்கள் வீட்டில் ஏலக்காயை உடைத்து அரிசியை மட்டும் எடுத்துக் கொடுத்தோம். தோல் ஒரு முறம் மிஞ்சியது. அம்மா அதைக் குப்பையில் கொட்டச் சொன்னாள். நான் தாவணியில் முடிந்துகொண்டு வேலிச் சந்து வழியாகப் போனேன். ஜமீலா முகர்ந்து பார்த்தாள். பையின் அடியில் ஒரு பிடி தோல், மேலே தூள், அதன் மேல் மறுபடியும் தோல் என்று அடுக்கிக் கட்டினாள். முதல் வடியை ஒரு கிளாஸில் பிடித்து உள்ளே கொடுக்கச் சொல்லி அத்தாவிடம் கேட்டாள். நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தோம். எங்கள் வீட்டில் டீ என்றால் வெல்லம் போட்ட செம்மண் தண்ணீர். இது வேறு. இது தொண்டையில் இறங்கின பிறகும் மூக்கில் நின்றது. ஜமீலா என் கையைக் கிள்ளினாள். சந்தோஷம் வந்தால் கிள்ளுவது அவள் வழக்கம், வலிக்கும்.

அதற்குப் பிறகு எங்களைப் பிடிக்க முடியவில்லை. சுக்குத் தட்டின தூசு, உடைந்த பட்டை, குளத்தங்கரை எலுமிச்சம்புல், புதினாக் காம்பு, பொங்கலுக்கு வந்த ஆரஞ்சுப் பழத்தின் தோல் என்று எதுவும் தப்பவில்லை. மல்லிகைப் பூவைத் தூள் டின்னுக்குள் ஒரு ராத்திரி போட்டு வைத்து, காலையில் பூவை மட்டும் பொறுக்கி எடுத்தோம். நாரத்தங்காய்த் தோலை நிழலில் காயவைத்துப் போட்டபோது முதல் தடவை கசந்து வழிந்தது. உள்ளே இருக்கிற வெள்ளையைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்று ஜமீலாவே கண்டுபிடித்தாள், அடுத்த தடவை அமிர்தமாக இருந்தது. சோம்பு தோற்றுப்போனது. வெட்டிவேர் போட்ட அன்று பானைத் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தது போல் இருந்தது, அத்தா பையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

முன்னால் பெஞ்சில் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று கேட்க, படுதாவுக்குப் பின்னால் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம்.

“இன்னா பாய், டீயில பூ வாசன வருது? எங்க புடிச்ச இந்தத் தூள?”

“புதுச் சரக்கு” என்பார் அத்தா.

“உன் கைக்குத்தான் பாய் இந்த ருசி வரும்.”

அத்தா நல்ல மனிதர். கொஞ்ச நேரம் கழித்துப் படுதாவை விலக்கி, “நல்லாருக்குதாம்மா” என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போவார். ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களிடம் ஒரு நாளும், ‘இது என் பொண்ணு கட்டின பை’ என்று அவர் சொன்னதில்லை. அந்த வயதில் எங்களுக்கும் அது பெரிதாகத் தோன்றவில்லை. ரோட்டில் பஸ்ஸுக்கு நின்ற பெண்கள் ஒருத்தி கூட அந்த பெஞ்சில் உட்கார்ந்து ஒரு வாய் டீ குடித்ததில்லை என்பதும் தோன்றவில்லை. வெயிலில் நின்றுகொண்டே இருப்பார்கள், வாசனை மட்டும் அவர்களுக்கு.

3

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகி இங்கே வந்தேன். வில்லியனூர் மாப்பிள்ளை, அவருடைய அப்பா பிரெஞ்சுக் குடியுரிமையை விடாமல் வைத்துக்கொண்டவர், மகன் தபால் பிரிக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் யாரும் அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை.

முதல் வருஷம் கடைக்குப் போய் எதையும் வாயைத் திறந்து கேட்க மாட்டேன். கையால் காட்டுவேன். ஒரு நாள் டீ அடுக்கில் ஒரு தகர டப்பாவைக் காட்டினேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தால் நாரத்தங்காய் வாசனை. அப்படியே குளிர்ந்த தரையில் உட்கார்ந்துவிட்டேன். பெர்கமோத் என்று ஒரு பழமாம், அதன் தோலின் வாசனையாம், டப்பாவில் யாரோ ஒரு பிரபுவின் பெயர் அச்சடித்திருந்தது. கண்டுபிடித்தவர் பெயரைத் தங்க எழுத்தில் போட வேண்டும் என்று இவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. எங்கள் ஊரில் அதே காரியத்தைச் செய்தவளின் பெயர் பெஞ்சில் உட்கார்ந்து குடித்தவனுக்குக்கூடத் தெரியாது. அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன். சந்தோஷமா ஆத்திரமா என்று அப்போது பிரித்துப் பார்க்கவில்லை. இப்போது கேட்டால் ஆத்திரம் என்றுதான் சொல்வேன்.

என் மகள் மாலா இங்கேயே பிறந்தவள். அவளுக்கு டீ என்றால் நூலில் தொங்குகிற காகிதப் பை. வனிலா, ஆப்பிள், லவங்கப்பட்டை, கேரமல் என்று அலமாரி நிறைய வாங்கி அடுக்குவாள். வெந்நீரில் முக்கி எடுத்துவிட்டு அறைக் கதவைச் சாத்திக்கொள்வாள். நான் பாலில் கொதிக்கவைப்பதைப் பார்த்தால், “அம்மா அதைக் கொலை செய்கிறாள்” என்று பிரெஞ்சில் தன் சிநேகிதியிடம் போனில் சொல்வாள். தமிழில் நான் கேட்டால் பிரெஞ்சில்தான் பதில் வரும். ஜமீலாவின் கதையை அவளிடம் பல தடவை தொடங்கியிருக்கிறேன். பாதியில் எழுந்து போய்விடுவாள். ஒரே ஒரு தடவை முழுவதும் கேட்டாள். கேட்டுவிட்டு, “நீங்கள் இரண்டு பேரும் ஏன் கிளாஸைத் தூக்கி அவர்கள் மேல் எறியவில்லை?” என்றாள்.

4

அவள் முழுவதும் கேட்ட கதை இது.

எனக்குக் கல்யாணமாவதற்குச் சில வருஷம் முன்னால் ஜமீலாவின் அத்தாவுக்குக் கை கால் விழுந்துவிட்டது. ஜமீலா அதற்குள் ஒரு இடத்தில் வாழப் போய், சரிப்படாமல் திரும்பி வந்திருந்தாள். வீட்டில் வேறு வருமானம் இல்லை. கடை மூடிக் கிடந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, சந்தைக் கூட்டம் ரோட்டில் நிறைந்து போகிறது, அவள் முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு படுதாவை விலக்கி முன்னால் வந்தாள். பாய்லரைப் பற்றவைத்தாள். அன்றைக்குக் கட்டின பை ஏலத்தோலும் சுக்கும். அவள் கையால் கட்டின பைகளிலேயே அதுதான் உச்சம், நான் குடித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

வந்தார்கள். உட்கார்ந்தார்கள். ஒரு வாய் குடித்துவிட்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

“பாய் போட்ட மாதிரி இல்லியேபா.”

“ருசி போயிடுச்சி.”

“பொம்பளக் கையில டீ வருமா? இன்னாத்துக்கு இந்தப் பொண்ணுக்கு இந்த வேல?”

பாதி கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். மறு செவ்வாய் பெஞ்ச் காலி. எல்லாச் சாதியும் எல்லா மதமும் இதில் மட்டும் ஒரே பேச்சாக இருந்தது. ஜமாத்துக்காரர்களும் வந்து சொன்னார்கள். என் சொந்த அப்பாவும் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு, “பொம்பள ரோட்டுல நின்னுக்கினு கிளாஸ் ஆத்தறா. நீ இன்னமே அந்த வூட்டுப் பக்கம் போவாத” என்று என்னிடம் சொன்னார். வருஷக்கணக்காக அவர் தினம் காலையில் குடித்த டீ அவள் கட்டின பையில் வடித்ததுதான். அதை அவரிடம் சொன்னேன். “சும்மா உளறாத” என்றார்.

கடைசியில் அக்கா புருஷன் காதரைக் கூப்பிட்டார்கள். காதருக்கு அப்போது ஒரு வேலையும் இல்லை. நல்ல மீசை, நல்ல சட்டை, யாரிடமும் சிரித்துப் பேசுவார். அவ்வளவுதான் தகுதி. அவரைக் கொண்டுவந்து பாய்லர் முன்னால் நிறுத்திவிட்டு, ஜமீலா படுதாவுக்குப் பின்னால் போனாள். அதே தூள், அதே தோல், அதே சுக்கு. பையை நீட்டினாள். காதர் வெந்நீரை ஊற்றினார். நானும் உள்ளே அவள் பக்கத்தில்தான் இருந்தேன், அப்பா போகாதே என்று சொன்னதால் கட்டாயம் போயிருந்தேன். முன்னால் பெஞ்சில் ஒருத்தர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“அப்பாடா! பழைய ருசி வந்துட்டுதுபா. ஆம்பள கை ஆம்பள கைதான்.”

ஜமீலா என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். சிரிக்கிறாள் என்று நினைத்தேன். கையை எடுத்தபோதுதான் தெரிந்தது, உதட்டைக் கடித்து ரத்தம் வந்திருந்தது.

அப்புறம் அவள் ஒரு காரியம் செய்தாள். ஒரு வாரம் முழுவதும் வேண்டுமென்றே வெறும் தூளை மட்டும் கட்டி அனுப்பினாள். ஏலமும் கிடையாது, சுக்கும் கிடையாது. ஒருத்தரும் கண்டுபிடிக்கவில்லை. “காதர் டீயில இன்னா வாசனபா” என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். “இவனுங்களுக்கு நாக்கு எங்கடி இருக்குது?” என்று என்னிடம் கேட்டாள். அடுத்த வாரம் மறுபடியும் தோலை அடுக்கத் தொடங்கினாள். அவளுக்கு வேறு விதமாகக் கட்ட வராது.

அதோடு காதர் பெரிய மாஸ்டர் ஆகிவிட்டார். கொம்யூன் பஞ்சாயத்தில் லைசென்ஸும் அவர் பெயருக்கு மாறியது.

5

இனி பாரீஸ். சில வருஷமாக இங்கே ரயில் நிலையத்தை ஒட்டின தெருக்களில் நம் ஆட்கள் ஒவ்வொருவராகக் கடை போடுகிறார்கள். என் மூத்தாருக்கும் ஆசை வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் வாசனை டீக்குப் பைத்தியமாக இருக்கிறார்கள், நம்மிடம் இல்லாத வாசனையா, ஒரு டீக்கடை போடுவோம் என்றார். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. யாரை வைத்து டீ போடுவது என்ற பேச்சு வந்ததும் மூத்தார் ஒரே மூச்சில் சொன்னார், “நம்ம காதர வரவைக்கலாம்.”

“மாமா, அது காதர் டீ இல்ல, ஜமீலா டீ. உள்ள இருந்து அவதான் பை கட்டித் தருவா” என்றேன்.

“நீ ஒண்ணு. நான் அந்தக் கடையில கண்ணால பாத்துக்கினு குடிச்சவன்மா.”

“படுதாவுக்கு அந்தப் பக்கம் பாத்தீங்களா?”

என் வீட்டுக்காரர் குறுக்கே வந்தார். “பொம்பளைய டீ மாஸ்டர்னு எழுதிக் குடுத்தா எந்த ஆபீஸ்ல நம்புவான்? சும்மா இரு சரோஜா.”

நம்பமாட்டார்களாம். இந்த ஊரில் பஸ் ஓட்டுகிறவள் பெண், எங்கள் தெரு டாக்டர் பெண், இவர் வேலை செய்கிற இடத்தில் இவருக்கு மேலதிகாரி பெண். இவருக்குத்தான் நம்ப முடியவில்லை, பழியை ஆபீஸ் மேல் போடுகிறார்.

சரி, ஆபீஸுக்கே வருகிறேன். வெளிநாட்டிலிருந்து ஆளைக் கூப்பிட வேண்டுமென்றால், அந்த வேலையைச் செய்ய இங்கே ஆள் கிடையாது என்று காட்ட வேண்டும். அவருக்கு அனுபவம் இருக்கிறது என்று ஊரிலிருந்து சான்றிதழ் வர வேண்டும். ஒரு காகிதத்தைக் கொடுத்தால் இன்னொன்று இல்லை என்பார்கள், அதைக் கொண்டுபோனால் முதல் காகிதம் பழசாகிவிட்டது என்பார்கள். ஜமீலா பெயருக்குக் கேட்டுப் பார்க்கலாம் என்று நானாக ஊரில் ஒருத்தரைக் கொம்யூன் ஆபீஸுக்கு அனுப்பினேன். லைசென்ஸ் காதர் பெயரில், அனுபவம் காதருக்கு, அந்தம்மா வீட்டில் இருக்கிறவர்கள் என்று சிரித்து அனுப்பிவிட்டார்களாம். முத்திரை குத்தின காகிதத்தில் ஒரு பொய் ஏறிவிட்டால் அது எந்த ஊர் ஆபீஸிலும் உண்மை ஆகிவிடுகிறது. பிரெஞ்சு விண்ணப்பத்தை என் மகள்தான் தட்டச்சு செய்தாள். ‘உயர் திறன் பெற்ற நிபுணர்’ என்ற இடத்தில் என்னைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்தாள்.

காதர் வந்தார். அட்டை மாட்டினார்கள். மறுநாள் காலை புது அடுப்பு, புதுப் பாத்திரம், சாக்கு நிறைய ஏலமும் பட்டையும் தயாராக இருக்க, அண்ணன் தம்பி இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். காதர் கையை அலம்பினார், துண்டால் துடைத்தார், அடுப்பு முன்னால் நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“இன்னா காதர், ஆரம்பி” என்றார் மூத்தார்.

“ஆரம்பிக்கலாம். பை வரட்டும்.”

“எந்தப் பை?”

“டீத்தூள் பை. உள்ள இருந்து பை வரும், நான் தண்ணி ஊத்துவேன். யாரு கட்டிக் குடுப்பாங்க?” என்று கேட்டுவிட்டு, காதர் கள்ளம் கபடம் இல்லாமல் உள்கதவைப் பார்த்தார்.

வாழ்க்கையில் நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததில்லை. சமுத்திரம் தாண்டி ஒரு மனிதனை வரவழைத்திருக்கிறார்கள், அவன் வாயாலேயே உண்மை வந்துவிட்டது, அப்போதும் இரண்டு பேர் முகத்திலும் வெட்கம் இல்லை. “இடம் புதுசு, தண்ணி புதுசு, பழகிக்குவாரு” என்றார் என் வீட்டுக்காரர்.

பழகவில்லை. கொதிக்கிற பாலில் தூளையும் பட்டையையும் ஒரே நேரத்தில் கொட்டிக் கஷாயம் வைத்தார். நம்மூர் ஆட்கள் அட்டையைப் படித்துவிட்டு வந்து, அதைக் குடித்து, “அதே மதகடிப்பட்டு டீ!” என்று கண் கலங்கினார்கள். காதரைப் பற்றி ஒன்றும் தெரியாத பிரெஞ்சுக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்காகத்தான் கடையே போட்டது.

“நீங்களாவது சொல்லியிருக்கலாமே காதரண்ணே” என்று கேட்டேன்.

“நான் போட்டேன்னு ஒரு நாளும் சொன்னதில்லம்மா. அவங்களாதான் சொல்லிக்கிட்டாங்க.”

“இல்லன்னும் சொல்லலியே.”

அதற்கு அவர் தலை குனிந்துகொண்டார். பொல்லாத மனிதர் இல்லை. அதனால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

6

பங்குனி கடைசியில் என் வீட்டுக்காரர் என்னிடம் மெதுவாக வந்தார். “நீ வந்து உள்ள நின்னு பை கட்டிக் குடேன். காதர் முன்னால நிக்கட்டும். போர்டுல பேரு போட்டாச்சு பாரு.” சொல்லும்போதே கையால் காற்றில் ஒரு திரை இழுத்துக் காட்டினார். உள்கதவில் மாட்டத் துணிகூட வாங்கி வைத்திருக்கிறாராம்.

என்ன சொன்னேன் என்பதை அச்சில் போட முடியாது. கடைசியில் சொன்னது மட்டும் இது: “அந்த ஆளுக்கு டிக்கெட் எடுத்துக் குடுத்து ஊருக்கு அனுப்புங்க. கடையை மூடுங்க.” மூத்தாரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருந்தார். காதரின் தங்கும் அனுமதி முடிகிற நாள் நெருங்கியிருந்தது. புதுப்பிக்காமல் விட்டால் தானாகப் போய்விடுவார், யாரும் யாரிடமும் முகம் காட்ட வேண்டியதில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

அந்தச் சமயத்தில் ஊருக்குப் போய்த் திரும்பின ஒருவர் ஒரு கேசட் கொண்டுவந்து கொடுத்தார். இங்கே இருக்கிறவர்களுக்கு இது பழக்கம், எழுதுவதற்குச் சோம்பல்பட்டு எல்லாரும் பேசி அனுப்புகிறார்கள். ஜமீலா பேசி அனுப்பியிருந்தாள். சமையல் மேடையில் டேப் ரெக்கார்டரை வைத்துப் போட்டேன். மாலா ஏதோ எடுக்க வந்தவள் நின்றுவிட்டாள்.

முதலில் பஸ் ஹாரன். கிளாஸ்கள் மோதுகிற சத்தம். எனக்குப் புரியவில்லை. உள்ளே உட்கார்ந்து பேசினால் ஹாரன் இவ்வளவு கிட்டத்தில் கேட்காது.

“சரோ, நான் ஜமீலா பேசறேன்டி. நல்லாக்கீறியா? இரு... இந்தாங்க, ரெண்டு டீ... சில்லற இல்லியா? அப்புறம் குடுங்க. சரோ, மச்சான் கெளம்பினதும் கடைய மூடிடலாம்னு அக்கா சொல்லிச்சி. நான் கேக்கல. முன்னால வந்து நின்னுட்டேன்டி. மச்சான் பாரீசுல இருக்காரு, அவரு பேருதான போர்டுல இருக்குது, இவனுங்களால இன்னா சொல்ல முடியும்? மொத வாரம் ஈ ஓட்டினேன். இப்ப வர்றானுங்க.”

நடுவில் தூரத்தில் ஓர் ஆண் குரல் கேட்டது. “இன்னா இருந்தாலும் காதர் டீ மாதிரி வராது ஜமீலா.”

“அப்ப பாரீசுக்குப் போய்க் குடி.”

பெஞ்சில் சிரிப்பு. அதில் ஒரு பெண் குரலும் இருந்தது. ஜமீலா கேசட்டுக்குத் திரும்பி வந்தாள்.

“கேட்டியா? பஸ்ஸுக்கு நிக்கிற பொம்பளைங்க இப்ப வந்து ஒக்காருதுங்கடி. ஆரியூர் ஆஸ்பத்திரிக்குப் போறதுங்க, சந்தைக்கு வர்றதுங்க, எல்லாம். நேத்து ரோசாப்பூ போட்டேன்.” பிறகு குரல் இறங்கியது. “ஒண்ணே ஒண்ணுடி சரோ. மச்சான் அங்க சரிப்படலன்னு அக்காவுக்குப் போன் வந்துதாம். அவரத் திருப்பி அனுப்பிடாதீங்க. வந்தார்னா நான் மறுபடியும் உள்ளதான் போவணும். லைசென்சு அவரு பேருல கீது. உன் கால்ல வுழுறேன், அவர அங்கயே வெச்சிக்கோ.”

மாலாவுக்குப் பாதி புரியவில்லை. கடைசி வரி என்ன என்று கேட்டாள். பிரெஞ்சில் சொன்னேன். அவள் டேப்பைப் பின்னால் ஓட்டி, அந்தப் பெஞ்சுச் சிரிப்பை இன்னொரு தடவை கேட்டாள்.

7

மறுநாள் காலை என் வீட்டுக்காரரிடமும் மூத்தாரிடமும் சொன்னேன். பை நான் கட்டுகிறேன். முன்னால் நிற்பதும் நான். காதரண்ணன் உள்ளே கிளாஸ் கழுவுவார், அவருக்குச் சம்பளம் உண்டு, அனுமதி அட்டை புதுப்பிக்கப்படும். வாங்கி வைத்த திரைத்துணியை யாருக்காவது லுங்கி தைத்துக் கொடுங்கள்.

“நீ முன்னால நின்னா நம்மூருக்காரன் வரமாட்டான்” என்றார் மூத்தார்.

“வராட்டி போவட்டும் மாமா. அவனுக்கு எதக் குடுத்தாலும் ஒண்ணுதான்.”

என் வீட்டுக்காரர், “திடீர்னு காதர் மேல இன்னா அக்கற?” என்றார். பதில் சொல்லவில்லை. சொன்னால் ஊருக்குப் போன் போடுவார், அங்கே நாலு பேர் அவருக்கு யோசனை சொல்வார்கள். இதை அச்சில் படித்தால் தெரிந்துகொள்ளட்டும், அதற்குள் காதரின் அனுமதி அட்டை வந்துவிட்டிருக்கும்.

போன வெள்ளிக்கிழமை காதரை அழைத்துக்கொண்டு அனுமதி ஆபீஸுக்குப் போனேன். விடிவதற்கு முன்னால் போய் வரிசையில் நிற்க வேண்டும். சில்லென்று மழை தூறிக்கொண்டிருந்தது. அல்ஜீரியாக்காரர்கள், போர்த்துகீசியர்கள், கைக்குழந்தைகளோடு பெண்கள், எல்லார் கையிலும் காகித உறை. உள்ளே போக மதியம் ஆகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அதிகாரி எங்கள் காகிதங்களைப் புரட்டினார். புருவத்தைத் தூக்கினார்.

“டீ தயாரிக்கும் நிபுணர். இதற்கு இங்கே ஆள் கிடைக்காதா? வேறு யாராலும் முடியாத எதை இந்த மனிதர் செய்கிறார்?”

எனக்கு நாக்கு நுனி வரை வந்தது. இருபது வருஷமாகச் சொல்ல நினைத்தது. இவருக்கு வெந்நீர் ஊற்றத்தான் தெரியும், டீ போட்டவள் பெயர் ஜமீலா, அவள் மதகடிப்பட்டில் இருக்கிறாள், எழுதிக்கொள்ளுங்கள். கேட்டவர் அதிகாரி, கையில் பேனா இருக்கிறது, என் பிரெஞ்சு அன்றைக்குத் தடுமாறவே இல்லை. இதைவிட நல்ல சந்தர்ப்பம் எனக்கு வராது.

“ஐயா, அந்த டீ இவர் கையால் போட்டது. புதுச்சேரி முழுவதும் தேடினாலும் இவரைப் போல இன்னொருவர் கிடைக்கமாட்டார். இவர் போய்விட்டால் எங்கள் கடையே இல்லை” என்றேன்.

அதிகாரி இன்னொரு தடவை என்னைப் பார்த்துவிட்டு முத்திரையை எடுத்துக் குத்தினார்.

வெளியே வந்து படிக்கட்டில் இறங்கும்போது காதர் மெதுவாகக் கேட்டார்.

“இன்னாம்மா சொன்ன அந்தாளு கிட்ட? நான் இன்னா செய்வேன்னு சொன்ன?”

“டீ போடுவீங்கன்னு சொன்னேன்.”

அவர் முகம் மலர்ந்தது. கோட்டைச் சரிசெய்துகொண்டார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். மதகடிப்பட்டில் இந்நேரம் சாயங்கால பஸ் வந்திருக்கும், அவள் முன்னால் நின்று ஆற்றிக்கொண்டிருப்பாள்.